16 ஆம்ப் எம்சிபி விழுகிறது, 32 போடலாமா?

மார்ச் 4, இரவு 9.40

கேள்வி இது: "ஏசி லைனில் 16 ஆம்ப் எம்சிபி இருக்கிறது. ஏசி ஓடத் தொடங்கி அரை மணி, முக்கால் மணியில் விழுந்துவிடுகிறது. 32 போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் வயரிங் செய்தவர். எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். 32 போடாதீர்கள். எம்சிபி என்பது மின்னோட்டம் அளவுமீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அது ஏசியைக் காப்பாற்ற வைத்த பொருள் இல்லை, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்ற வைத்தது. அதனால் முதல் கேள்வி வயரின் தடிமன். உங்கள் லைனில் 1.5 சதுர மில்லிமீட்டரா, 2.5ஆ, 4ஆ? அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணையும் சொல்ல முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டுச் சமையலறை லைனில் இதே போல 16 விழுந்துகொண்டே இருந்தது. வந்தவர் 32 மாட்டினார். அதன்பின் ஒரு முறைகூட விழவில்லை, எங்களுக்கும் நிம்மதி. ஒன்றரை வருடம் கழித்து ஒரு பிளக் பாயிண்டைக் கழற்றினால் சிவப்பு வயர் பழுப்பாகி, விரலால் தொட்டதும் மேலுறை பொரிந்து உதிர்ந்தது. உள்ளே செம்பு தெரிந்தது. அந்த ஒன்றரை வருடமும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நாங்கள் தூங்கினோம்.

மார்ச் 4, இரவு 10.25

"வயர் கொஞ்சம் சூடாவதால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்காகவே பார்த்துவிடலாம்.

16 என்று அச்சிட்டிருந்தால் 16ஐத் தாண்டியதும் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டு எம்சிபிகளுக்கான ஐஇசி 60898-1 என்ற சர்வதேசத் தரத்தின்படி, அதன் எண்ணைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும். 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 16க்கு அது 18.1, 23.2 ஆம்பியர். 32க்கு 36.2, 46.4.

அதாவது 32 மாட்டினால் 36 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் அது அசையாது, அசையக் கூடாது என்றே செய்திருக்கிறார்கள். பைப்புக்குள் போகும் 2.5 வயர் நல்ல நிலைமையில் தாங்குவது 24 ஆம்பியர். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் அதன் வர்க்கத்தில், இரண்டேகால் மடங்காகிறது. பிவிசி மேலுறை தாங்குவது 70 டிகிரி வரை. எங்கள் வீட்டு வயர் பொரிந்து உதிர்ந்தது இந்தக் கணக்கில்தான்.

மார்ச் 5, காலை 6.50

நேற்றுத் தனியாகக் கேட்ட ஒருவரிடம் "2.5 வயருக்கு 20 ஆம்ப் தாராளமாகப் போடலாம்" என்று சொல்லியிருந்தேன். இரவெல்லாம் அது உறுத்தியது. இங்கேயே திருத்துகிறேன், அவர் இதைப் பார்க்க வேண்டும்.

24 ஆம்பியர் என்பது சுற்றுப்புறம் 30 டிகிரி, பைப்புக்குள் ஒரே ஒரு சர்க்யூட் என்ற நிலைமைக்கு. சுற்றுப்புறம் 40 டிகிரி என்றால் 0.87ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் இரண்டு சர்க்யூட் போனால் இன்னொரு 0.8. 24 × 0.87 × 0.8 என்றால் 16.7. இங்கே 20 போட முடியாது, 16 தான். மூன்று சர்க்யூட் ஒன்றாகப் போனால் 0.8க்குப் பதில் 0.7, விடை 14.6. அப்போது 16கூட அதிகம்.

சட்டம் ஒன்றுதான்: லோடு எடுக்கும் மின்னோட்டத்தைவிட எம்சிபி எண் குறையக் கூடாது, வயர் அந்த இடத்தில் தாங்கும் அளவைவிட எம்சிபி எண் கூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எண் கிடைக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது வயரை.

மார்ச் 5, மதியம் 1.15

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். வயர் 2.5, தனி பைப். ஏசி தகட்டில் 1600 வாட். 230 வோல்ட் என்றால் சுமார் 7 ஆம்பியர்.

ஏழு ஆம்பியருக்கு 16 விழக் கூடாது. இங்கே லோடு பிரச்சினையே இல்லை.

எப்போது விழுகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். உள்ளே இரண்டு தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று இரு உலோகப் பட்டை: சூடானால் வளையும், வளைந்து கொக்கியைத் தள்ளும். இது மெதுவானது, ஓவர்லோடுக்கு. இன்னொன்று காந்தச் சுருள்: பெரும் மின்னோட்டம் பாய்ந்ததும் நொடியின் சிறு பகுதியில் அடித்துத் தள்ளும், ஷார்ட்டுக்கு. இரண்டையும் ஒரே சிறு பெட்டியில் சேர்த்த வடிவத்துக்கு 1924இல் ஜெர்மனியின் மன்ஹைமில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை பெற்றது. இன்று நம் வீட்டில் இருப்பதும் அடிப்படையில் அதேதான்.

சுவிட்ச் போட்ட உடனே விழுந்தால் காந்தப் பகுதி: ஷார்ட், அல்லது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம். அரை மணி கழித்து விழுந்தால் வெப்பம். ஏழு ஆம்பியரில் அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? என் சந்தேகம் ஸ்க்ரூ மேல். லூசான இணைப்பு சூடாகும், அந்தச் சூடு வயர் நுனி வழியாக உள்ளே பட்டைக்குப் போகும். பட்டைக்கு அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வளைந்துவிடும். பக்கத்தில் வேறு எம்சிபிகள் நெருக்கிக்கொண்டு முழு லோடில் ஓடினாலும் ஒன்றையொன்று சூடாக்கும். எண்களெல்லாம் 30 டிகிரிக்கு அச்சிட்டவை.

எம்சிபிகள் மாட்டியிருக்கும் டிபி பாக்ஸ் மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்தே பாருங்கள்: எம்சிபி முகம் ஏதாவது நிறம் மாறியிருக்கிறதா, மீன் அழுகியது போல ஒரு வாடை வருகிறதா. சூடேறிய பிளாஸ்டிக் அப்படித்தான் நாறும்.

மார்ச் 5, இரவு 8.30

பி, சி, டி பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். எண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்த எழுத்து, காந்தப் பகுதி எத்தனை மடங்கில் உடனே அடிக்கும் என்பதைக் குறிக்கிறது. பி என்றால் 3 முதல் 5 மடங்குக்குள். சி 5 முதல் 10. டி 10 முதல் 20. ஓவர்லோடு நடத்தை மூன்றுக்கும் ஒன்றேதான், இதில்தான் குழப்பம் அதிகம். "சி போட்டால் அதிக லோடு தாங்கும்" என்பது தவறு. பி16, சி16 இரண்டும் 16 தான்.

வெறும் சூடேற்றும் சாதனங்களுக்கும் பல்புகளுக்கும் பி போதும். ஏசி, பம்ப், பிரிட்ஜ் போன்றவை கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கலாம், அதனால் சி. வீட்டில் டிக்கு வேலை மிக அரிது.

எம்சிபி முகத்தில் சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று ஒரு எண் இருக்கும். ஷார்ட் ஆகும்போது இத்தனை ஆம்பியர் வரை உடையாமல், வெடிக்காமல் துண்டிக்கும் என்பது பொருள். டிரான்ஸ்பார்மர் வீட்டை ஒட்டியே இருந்தால் 10000 தேவையா என்று கணக்குப் போட வேண்டும். இந்த எண்ணே இல்லாத எம்சிபியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மார்ச் 6, காலை 7.20

நேற்று நான் "ஏசிக்கு சி" என்று எழுதியதற்கு ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார். அவர் தோட்டத்து அறைக்கு நீளமான வயர் போகிறது. அங்கே சி போட்டால் ஷார்ட் ஆனாலும் உடனே விழாதே என்கிறார். அவர் சொல்வது சரி, நான் அதை விட்டுவிட்டேன்.

சி16 உடனே விழுவது உறுதியாக வேண்டுமென்றால் 160 ஆம்பியர் பாய வேண்டும். 230 வோல்ட்டில் அந்த அளவு பாய, போய்த் திரும்பும் பாதை முழுவதின் தடை 1.44 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பி16க்கு 80 ஆம்பியர் போதும், அதனால் 2.87 ஓம் வரை இடம் உண்டு. வயர் நீளமாக ஆக, மெலிதாக ஆக, தடை ஏறும். எல்லையைத் தாண்டினால் ஷார்ட்டை எம்சிபி வெறும் ஓவர்லோடாகவே எடுத்துக்கொண்டு பல நொடிகள் காத்திருக்கும், வயர் அதற்குள் எரியும். ஆகவே நீள லைனுக்கு முதலில் தடையை அளக்கச் சொல்லுங்கள். தேறவில்லை என்றால் பி, இல்லாவிட்டால் தடிமனான வயர். எழுதியவருக்கு நன்றி. என் வீட்டு மாடி லைனையும் இந்த வாரம் அளக்கச் சொல்லப் போகிறேன்.

மார்ச் 6, மாலை 6.05

கேட்டவர் எலக்ட்ரீஷியனை வைத்து மூடியைத் திறந்துவிட்டார். ஸ்க்ரூ முக்கால் சுற்று லூசு. வயர் நுனி கறுத்திருக்கிறது, எம்சிபியின் கீழ் ஓரம் உருகிச் சுருங்கியிருக்கிறது. கிளாம்ப் மீட்டரில் 6.8 ஆம்பியர்.

"ஸ்க்ரூவை முறுக்கியாயிற்று, இனி சரிதானே?" என்கிறார். இல்லை. அந்த எம்சிபியை மாற்றுங்கள். உருகும் அளவு சூடு பட்டபின் உள்ளே பட்டையும் ஸ்பிரிங்கும் பழைய அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. கறுத்த செம்பையும் வெட்டி எறிந்துவிட்டுப் பளபளப்பான இடத்திலிருந்து புதிதாக மேலுறை சீவ வேண்டும். கறுத்த நுனி எவ்வளவு முறுக்கினாலும் மறுபடி சூடாகும்.

அவர் வயரிங்காரர் பேச்சைக் கேட்டு 32 போட்டிருந்தால் இந்த ஸ்க்ரூ யார் கண்ணிலும் பட்டிருக்காது. சூடாகிக்கொண்டே இருந்திருக்கும். விழுந்து விழுந்து அவருக்கு விஷயத்தைச் சொன்னது அந்த 16 தான்.

மார்ச் 6, இரவு 9.50

மாட்டுவது பற்றி. பல இடங்களில் டிபி பாக்ஸ் வேலைக்கு உரிமம் பெற்றவர் வேண்டும் என்பது சட்டம், அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அப்படி நின்று கற்றவன்தான்.

மெயின் சுவிட்சை அணைத்தாலும், மெயினுக்கு உள்ளே வரும் வயர்களில் கரண்ட் இருக்கும். அணைத்துவிட்டோம் என்று அங்கே கை வைப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். கரண்ட் இல்லை என்பதை மீட்டரால் உறுதி செய்யும்போதும் மூன்று தடவை: கரண்ட் இருக்கும் என்று தெரிந்த இடத்தில் மீட்டர் காட்டுகிறதா, பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி தெரிந்த இடத்தில். நடுவில் மீட்டர் செத்திருந்தால் மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள்.

எம்சிபியின் ஓட்டை இருக்கிறதே, அதற்குள் ஒரு சிறு கூண்டு மேலும் கீழும் நகரும். ஸ்க்ரூ முழுதாகத் திறக்காமல் வயரைச் செருகினால் அது கூண்டுக்குள் போகாமல் பின்பக்கம் போய் நிற்கும். ஸ்க்ரூ முறுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும், வயரை எதுவும் பிடித்திருக்காது. எம்சிபிகளை வரிசையாக இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரின் பல்லும் இப்படியே தப்பும். எங்கள் வீட்டில் 32ஐக் கழற்றி 16 போட்ட அன்று பஸ்பாரில் ஒரு பல் கூண்டுக்கு வெளியே நின்றது. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு வயரையும் கையால் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்தபோது அந்த எம்சிபி மட்டும் ஆடியது. அன்றிலிருந்து இழுத்துப் பார்க்காமல் மூடியை மூட விடுவதில்லை.

பல இழை வயரானால் நுனிக்கு லக் என்ற சிறு உலோகக் குழலை மாட்டி நசுக்க வேண்டும். இழைகளைச் சேர்க்க ஈயம் பூசாதீர்கள். ஈயம் மெது உலோகம், ஸ்க்ரூ அழுத்தத்தில் நாளடைவில் நகர்ந்து இணைப்பு லூசாகும். ஓட்டைக்குள் மேலுறை போகக் கூடாது, வெளியே வெறும் செம்பும் தெரியக் கூடாது. முறுக்கும் அளவு எம்சிபி மேலேயே நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருக்கும், அதற்கென்று முறுக்கு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், நல்ல எலக்ட்ரீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மார்ச் 7, காலை 8.10

"எம்சிபி இருக்கும்போது ஷாக் அடித்தால் விழுந்துவிடும், பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை யாரும் நம்ப வேண்டாம். மனித உடலில் 30 மில்லிஆம்பியரே ஆபத்து. அது 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எம்சிபிக்கு நீங்கள் ஒரு சின்னப் பல்பு மாதிரி.

உயிருக்கு வேண்டியது ஆர்சிசிபி. பேஸில் போன அளவு நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று மட்டும் அது பார்க்கும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியர் ஆனால் 0.3 நொடிக்குள்ளும், 150 ஆனால் 0.04 நொடிக்குள்ளும் துண்டிக்கும். கையிலிருந்து வயரை விட முடியாமல் தசை இறுகும் மின்னோட்டம் எவ்வளவு என்று மனிதர்களிடமே அளந்தவர் சார்லஸ் டால்சியல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர் என்று வந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்துதான் 1961இல் அவர் ஆர்சிசிபியின் அமெரிக்க வடிவத்தை உருவாக்கினார். அங்கே 5 மில்லிஆம்பியர் அளவிலேயே விழும்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால், போனது முழுக்கத் திரும்பி வருவதால் ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. வயர் சூடாவதும் அதற்குத் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒன்றில் சேர்த்தது ஆர்சிபிஓ. வாங்கும்போது 'ஏ' வகை பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் போன்றவற்றில் உள்ள மின்னணுப் பகுதி விடும் கசிவைப் பழைய 'ஏசி' வகை சில நேரம் கண்டுகொள்ளாது. பெயரில் ஏசி என்றிருப்பதால் ஏசிக்கு உரியது என்று நினைத்துவிட வேண்டாம்.

மார்ச் 7, இரவு 10.30

ஆர்சிசிபி காரணமின்றி விழுவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். காரணம் இருக்கும். எங்கள் வீட்டில் நான்கு நாள் தேடியதைச் சொல்கிறேன், யாருக்காவது அந்த நான்கு நாள் மிச்சமாகட்டும்.

எல்லா எம்சிபியையும் அணைத்தோம், ஆர்சிசிபி அப்போதும் விழுந்தது. "அப்படியானால் ஆர்சிசிபிதான் கெட்டது" என்று வாங்கி மாற்றினோம். புதியதும் விழுந்தது. பிறகுதான் விளங்கியது: ஒற்றை எம்சிபி பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டால் அணைத்த லைன் வழியாகவும் கசியும். நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்ததில், ஏழாவது வயரில் நின்றது. வெளிச்சுவர் விளக்கில் மழைநீர்.

இன்னொருவருக்கு: இரண்டு ஆர்சிசிபி இருந்து, ஒரு குறிப்பிட்ட விளக்கு போட்டால் மட்டும் விழுந்தால், அந்த விளக்கின் பேஸ் ஒரு ஆர்சிசிபியிலும் நியூட்ரல் மற்றதிலும் இருக்கும். பொருள் கெடவில்லை, நியூட்ரல் மாறியிருக்கிறது.

மூன்றாமவருக்கு: வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி என்றால், கம்ப்யூட்டரும் சார்ஜரும் தலைக்குக் கொஞ்சம் கசியவிட்டு, மொத்தம் 15 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே அது விழ உரிமை பெற்றுவிடும். லைன்களைப் பிரித்து இரண்டு மூன்றில் போடுங்கள்.

மார்ச் 8, காலை 7.00

எம்சிபி கைப்பிடியை மேலே பிடித்துக்கொண்டே இருந்தால் விழாது என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. பிடித்திருந்தாலும் உள்ளே துண்டிக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டேப் ஒட்டியும் பயனில்லை. முயற்சி செய்ய வேண்டாம்.

மார்ச் 8, மதியம் 2.40

சோலார் பேனல் பக்கம் மிச்சமிருந்த சாதாரண எம்சிபியைப் போடலாமா என்ற கேள்விக்கு: கூடாது. வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் ஏசி, அதாவது மாறுதிசை மின்னோட்டம், நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், தொடர்புகள் பிரியும்போது எழும் தீப்பொறி அந்த இடத்தில் அணைந்துவிடும். சோலார் பேனல் தரும் டிசியில், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தில், பூஜ்யமே வராது. பொறி நின்று எரியும், எம்சிபி உருகும். டிசிக்கென்று வோல்ட் அச்சிட்டதை வாங்குங்கள். அதில் கூட்டல் கழித்தல் குறியிருந்தால் அதன்படியே மாட்டுங்கள், மாறினால் பொறியை அணைக்கும் அமைப்பு எதிர்த்திசையில் வேலை செய்யும்.

மார்ச் 9, இரவு 9.15

கேட்டவரிடமிருந்து செய்தி. புது சி16, வெட்டிப் புதிதாகச் சீவிய வயர், அளந்து முறுக்கிய ஸ்க்ரூ. மூன்று மணி நேரம் ஏசி ஓடியும் விழவில்லை. எம்சிபி முகம் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும். மனம் நிறைந்தது.

கூடவே ஒன்று எழுதியிருக்கிறார்: மூடி திறந்திருந்த நேரத்தில் வாட்டர் ஹீட்டர் லைன் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தாராம், விழவில்லை. "எர்த் சரியில்லாததால் இருக்குமோ?" என்கிறார். இல்லை. அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையே இல்லை, உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக அதுவே சமநிலையைக் குலைக்கும். கரண்ட் இருந்தும் அமுக்கினால் விழவில்லை என்றால் அது செத்த ஆர்சிசிபி. நாளை காலை முதல் வேலையாக மாற்றுங்கள். மாற்றும்வரை அந்த லைன் எம்சிபியைக் கீழே தள்ளி வையுங்கள், ஹீட்டரை யாரும் போட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் இன்றிரவே சொல்லிவிடுங்கள்.